மூலம் என்று முடிவு கட்டுமுன்

இம்மாதம் நாம் எடுத்துக்கொண்டுள்ள மூலவியாதி, தகப்பன் மகனிடமும் மனைவி கணவனிடமும் சொல்லக் கூசுகின்ற ஒன்று. எளிதில் தீர வேண்டிய நோய் அக்கூச்சத்தினாலேயே ஆண்டுக்கணக்கில் முற்றிவிடுகிறது.

ஆசனவாயின் உட்புறத்தில் இரத்தக் குழாய்கள் நிறைந்த மெத்தை போன்ற திட்டுகள் இயற்கையாகவே எல்லோருக்கும் உண்டு. மலச்சிக்கலால் முக்கி முக்கி அவை வீங்கிச் சரிவதே மூலம், கர்ப்பகாலத்திலும் தோன்றும். உள்மூலத்தில் பெரும்பாலும் வலி இராது, மலங்கழிக்கும்போது செந்நிற இரத்தம் சொட்டும். வெளிமூலத்தில் இரத்தம் உறைந்தால் திடீரெனக் கட்டியும் கடுவலியும் உண்டாகும். கத்தியால் அறுப்பதுபோன்ற வலி பெரும்பாலும் வெடிப்பினால் வருவது. சீழ் வடிந்தால் பவுத்திரமோ என ஐயுற வேண்டும். நம்மவரோ இவையனைத்தையும் மூலம் என்றே அழைத்துவிடுகின்றனர்.

தங்கவயலில் இந்நோய்க்கு இடந்தரும் காரணங்கள் பல. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டபின், நம் குடும்பத்தார் பலர் விடியுமுன் மாரிக்குப்பம் ரயிலேறிப் பெங்களூர் சென்று உழைத்து இரவில் திரும்புகின்றனர். காலைக்கடன் கழிக்க வேண்டிய வேளையில் பெட்டி நெரிசலில் நிற்கின்றனர். அடக்கிய மலம் நீர் வற்றி இறுகிவிடும். தனிக் கழிப்பிடமின்றிக் கட்டப்பட்ட பழைய லைன் வீடுகளில் பெண்கள் இருட்டும்வரை அடக்குவதும், அதற்காகவே தண்ணீரைக் குறைப்பதும் உண்டு. மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்திற்குக் காற்றை அனுப்பத் தெரிந்தவர்களுக்கு வீட்டுக்கொரு கழிப்பிடம் கட்டத் தோன்றவில்லை!

முதல் மருந்து உணவே. நூறு கிராம் ராகியில் சுமார் 11 கிராம் நார்ச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. கோலார் மண்ணில் விளையும் ராகியை விட்டுப் பரோட்டாவை நாடுவது நமக்குப் புரியவில்லை. ஆயினும் கீரையும் போதிய தண்ணீரும் சேராவிடில் களியும் மலத்தைக் கட்டக்கூடும். இசப்கோல் உமியைத் தம்ளர் நிறைய நீரில் கலந்து பருகலாம். இளஞ்சூடான நீருள்ள அகன்ற தொட்டியில் பத்துப் பதினைந்து நிமிடம் அமர்ந்தால் வலி தணியும். கைப்பேசியுடன் கழிப்பறையில் குடியிருக்கும் இளைஞர் அதை வெளியே வைத்துவிட்டுச் செல்க.

பாட்டிமார் தந்த கருணைக்கிழங்கும் துத்திக்கீரையும் உணவாகட்டும், தடையில்லை. ஆனால் பயிற்சியற்றவர்கள் போடும் ஊசியும் பூசும் காரமும் ஆசனவாயையே புண்ணாக்கிவிடும். பிதுங்கி வரும் உள்மூலத்தைப் பலருக்கு ரப்பர் வளையமிட்டு மருத்துவர் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். அறுவை சிலருக்கே வேண்டியதாகிறது.

நாம் அஞ்சுவது வேறொன்று. பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயும் முதலில் இரத்தமாகவே தோன்றக்கூடும். இரத்தம் கறுத்தோ மலத்தோடு கலந்தோ வந்தால், மலங்கழியும் வழக்கம் சில வாரங்களாக மாறியிருந்தால், எடை குறைந்தால், சோகை பிடித்தால் ஒருநாளும் தாமதியாதீர். நாற்பது கடந்தவர் எந்த இரத்தப்போக்கையும் காட்டிவிட வேண்டும். இளைஞரையும் இந்நோய் விட்டுவைப்பதில்லை. விரலிட்டுச் சோதிக்க ஒரு நிமிடம் போதும்.

இராபர்ட்சன்பேட்டை அரசு மருத்துவமனைக்கோ கோலார் மாவட்ட மருத்துவமனைக்கோ செல்லலாம். பெண்கள் பெண் மருத்துவரைக் கேட்பதில் தவறில்லை. கன்னடத்திலும் மூலவியாதி என்றே சொல்வதால் மொழி தடையாகாது. எனினும் அப்பெயரை நீங்களே சூட்டிவிடாமல், இரத்தம் எந்த நிறத்தில், எத்தனை நாளாக வருகிறதென்று மட்டும் சொல்லுங்கள்.