27,000 வருடத்துக் கணக்கு



நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் நடந்த வாக்குவாதத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். இன்டெல் கம்பெனியின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் பழுதான கதையை ஒருவர் எடுத்தார். இன்று கம்ப்யூட்டர் துறையில் பெரிய பதவியில் இருக்கும் நம் பையன் ஒருவன் உடனே எழுதினான்: "ஜனங்க எப்பவும் இப்படித்தான் சார். 1994-ல பென்டியம் விஷயத்துலயும் ஒண்ணுமில்லாததுக்கு ஊரைக் கூட்டினாங்க." பெயர் சொல்ல மாட்டேன், கணக்கு நோட்டை அழகாக வைத்திருந்த பையன். அதற்குப் பதினேழு பேர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தீர்கள். அந்தப் பதினேழு பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

4195835-ஐ 3145727-ஆல் வகுத்துப் பாருங்கள். 1.333820449 என்று வர வேண்டும். பழுதுள்ள பென்டியம் சிப் 1.333739068 என்று சொன்னது. மூன்றாம் வகுப்பிலேயே உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேனே, வகுத்து முடித்தவுடன் ஈவை வகுத்தியால் பெருக்கிச் சரிபார்க்க வேண்டும் என்று. அந்த விடையைப் பெருக்கிப் பார்த்தால் 256 குறைந்தது. வகுப்பில் இப்படி ஒரு கணக்கைக் கொண்டுவந்து "சின்னத் தப்புதானே சார்" என்று யாராவது சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

காரணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். வேகமாக வகுப்பதற்காக அந்தச் சிப்புக்குள் ஒரு வாய்ப்பாடு வைத்திருந்தார்கள். அதில் நிரப்ப வேண்டிய 1066 இடங்களில் 5 விடுபட்டுவிட்டன என்று இன்டெல்லே பிறகு சொன்னது. வாய்ப்பாட்டில் ஐந்து வரியை மனப்பாடம் செய்யாமல் வந்த பிள்ளை மாதிரிதான். மற்ற கணக்கெல்லாம் சரியாகப் போடும். அந்த ஐந்தில் மாட்டினால் முழிக்காது, தைரியமாகத் தப்பு விடை சொல்லும்.

கண்டுபிடித்து ஊருக்குச் சொன்னவர் ஒரு வாத்தியார் என்பதில் எனக்குத் தனிப் பெருமை உண்டு. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து லிஞ்ச்பர்க் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி. இரட்டைப் பகா எண்களை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். 1994 ஜூனில் விடை உதைத்தது. மனிதர் முதலில் கம்பெனியைத் திட்டவில்லை. தன் புரோகிராமில் தப்பா, வேறு பாகத்தில் தப்பா என்று மாதக்கணக்கில் ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்துவிட்டு அக்டோபரில்தான் இன்டெல்லிடம் சொன்னார். அந்தக் குறை இன்டெல்லுக்கு அந்தக் கோடையிலேயே தெரியும். தெரிந்தும் விற்பனை நடந்துகொண்டிருந்தது.

விஷயம் வெளியே வந்ததும் கம்பெனி என்ன சொன்னது? 900 கோடி வகுத்தலில் ஒரு முறைதான் தவறும், சாதாரணமாகக் கணக்குப் போடுகிறவர் 27,000 வருடத்துக்கு ஒரு முறைதான் இதைச் சந்திப்பார் என்றது. சரி, வாய்ப்பு குறைவுதான். அதை நானும் மறுக்கவில்லை. ஆனால் அடுத்து சொன்னதைக் கவனியுங்கள். சிப்பை மாற்றித் தருவோம், உங்கள் வேலைக்கு அவ்வளவு துல்லியம் தேவை என்று எங்களுக்குப் புரிய வைத்தால்!

காசு கொடுத்து வாங்கியவன், தான் எதற்காக வகுக்கிறான் என்று விற்றவனிடம் விளக்கம் சொல்ல வேண்டுமாம். தராசில் எடை குறைகிறது என்று சொன்னால், "நீங்க வாங்குறது கத்திரிக்காய்தானே, தங்கமா?" என்று கடைக்காரர் கேட்கிற மாதிரி. என் வீட்டு மிக்ஸியை உத்தரவாதக் காலத்துக்குள் கொண்டுபோனபோதும், "தினம் எத்தனை தடவை அரைப்பீங்க?" என்று ஒரு பொடியன் விசாரணை வைத்தான். அந்தக் கதை தனி.

ஜனங்களுக்குக் கோபம் வந்தது இங்கேதான் தம்பி, 256-இல் இல்லை. 1991 முதல் கோடி கோடியாய்ச் செலவழித்து, "உள்ளே இன்டெல் இருக்கிறதா பாருங்கள்" என்று பெட்டிக்குப் பெட்டி ஸ்டிக்கர் ஒட்டியது யார்? அதுவரை கம்ப்யூட்டருக்குள் என்ன சிப் இருக்கிறது என்று எந்த வீட்டில் கேட்டார்கள்? பார் பார் என்று நீயே பழக்கிவிட்டு, பார்த்தவுடன் "உனக்கு இதெல்லாம் தேவைப்படாது" என்றால் எரிச்சல் வராதா?

கிண்டலும் பறந்தது. பென்டியத்துக்கு ஏன் 586 என்று பெயர் வைக்கவில்லை? 486-உடன் 100-ஐக் கூட்டியபோது 585.99999 வந்ததாம்.

டிசம்பர் 12 அன்று ஐபிஎம், அந்தச் சிப் உள்ள கம்ப்யூட்டர்களை அனுப்புவதை நிறுத்தியது. 24 நாளைக்கு ஒரு முறை தவறு வரலாம் என்றது. (ஐபிஎம்மிடம் போட்டிச் சிப் இருந்ததையும் மறக்க வேண்டாம், அவர்களும் உத்தமர்கள் அல்லர்.) ஒரே சிப், ஒருவர் கணக்கில் 27,000 வருடம், இன்னொருவர் கணக்கில் 24 நாள். "அறிவியல்பூர்வமான மதிப்பீடு" என்று யாராவது சொன்னால், எதையெல்லாம் அனுமானமாக வைத்துக்கொண்டார்கள் என்று ஏன் கேளுங்கள் என்கிறேன் தெரிகிறதா?

டிசம்பர் 20 அன்று இன்டெல் இறங்கிவந்தது. கேட்டவருக்கெல்லாம், கேள்வி கேட்காமல் மாற்றித் தருவதாக அறிவித்தது. அதற்கு ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர். ஆனால் வீட்டு உபயோகத்துக்கு வாங்கியவர்களில் மிகச் சிலரே மாற்றிக்கொள்ள வந்தார்கள். "பார்த்தீங்களா, தேவையே இல்லாத கூச்சல்" என்பதற்கு இதைத்தான் நம் பையன் ஆதாரமாகக் காட்டுகிறான். எனக்கு அது நேர்மாறாகத் தெரிகிறது. அவர்கள் கேட்டது புதுச் சிப்பை அல்ல. மாற்றுவதா வேண்டாமா என்று தாங்களே முடிவு செய்யும் உரிமையை. அது கைக்கு வந்ததும் பேசாமல் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அன்றைக்குத் தலைவராக இருந்த ஆண்டி குரோவ், பின்னால் எழுதிய புத்தகத்தின் முதல் அத்தியாயமே இந்த விவகாரம்தான்.

இப்போது 2024-க்கு வருகிறேன். கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோகிறது என்று புலம்பியவர்களுக்கு முதலில் கிடைத்த பதில் என்ன? மதர்போர்டு கம்பெனிக்காரர்களின் செட்டிங் சரியில்லை என்பது. ஜூலையில்தான், சிப்பின் மைக்ரோகோடே தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள். திருத்தம் வந்தது, ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை அது குணப்படுத்தாது. திரும்பப் பெறுவதாக அறிவிக்கவும் இல்லை. உத்தரவாதத்தை மட்டும் 2 வருடம் நீட்டினார்கள். முப்பது வருடத்துக்கு முன்னால் ஊரைக் கூட்டியவர்கள் இந்தத் தடவையும் கூட்டியிருந்தால் தேவலை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கட்டைவிரல் உயர்த்திய பதினேழு பேரில் யார் வீட்டிலாவது அந்த 13, 14-ஆம் தலைமுறை சிப் இருந்தால், வாங்கிய பில்லைத் தேடி எடுத்து வையுங்கள். முழு கம்ப்யூட்டராக வாங்கியவர்கள் விற்றவரிடமே கேளுங்கள். "நீங்க அதுல என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று எவராவது திருப்பிக் கேட்டால், பதில் சொல்ல வேண்டாம், எனக்கு போன் போடுங்கள்.