பழுது நீக்குதலும் பதிப்புப் பணியே

பழைய ஏட்டுச்சுவடி ஒன்று கிடைத்தால் அதனைப் போற்றிக் கையில் எடுக்கும் நாம், பழைய எந்திரம் ஒன்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். சுவடியை அறிவு என்கிறோம். எந்திரத்தை இரும்பு என்கிறோம். உண்மையில் இரண்டும் மனிதன் எண்ணிச் செய்தவை. சுவடியைச் செல் அரிப்பது போலவே எந்திரத்தைத் துரு அரிக்கிறது. இரண்டையும் மீட்டெடுக்கக் கல்வி வேண்டும். அதனினும் மேலாகப் பொறுமை வேண்டும். பல்லாண்டு கவனிப்பாரற்றுக் கிடந்த பழைய ‘ஸ்போர்ட்ஸ் கார்’ ஒன்றைத் துடைத்து உயிரூட்டும் பணியைப் பற்றித் தமிழ்த்துறை மலரில் எழுத என்ன இருக்கிறது என்று வினவுவோருக்கு இதுவே நம் முதல் விடை.

நம் நாட்டில் விரைவு மகிழுந்துகள் என்றுமே அரியவை. மன்னர்களும் ஆலை முதலாளிகளும் தோட்ட உரிமையாளர்களும் மேனாட்டிலிருந்து வருவித்தவை போக, நடுத்தர மக்களுக்கு அவை எட்டாக்கனியாகவே இருந்தன. எனினும் அந்த இனத்தின் நெருங்கிய உறவு ஒன்று நம் சென்னையிலேயே உருவாயிற்று. ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் செய்து விற்ற ‘ஹெரால்டு’ காரையே குறிப்பிடுகிறோம். அதன் வடிவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கலோட்டி. அவரே வரைந்து, ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி அதன்மேல் இங்கிலாந்தில் 1962 இல் அமைக்கப்பட்டது ‘டிரையம்ப் ஸ்பிட்ஃபயர்’ என்னும் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார். ஆக, நம் தந்தையர் காலத்தில் மருத்துவர் வீட்டு வாசலிலும் வழக்கறிஞர் வீட்டு வாசலிலும் நின்ற அந்த எளிய வண்டி, ஒரு பந்தய வீரனின் உடன்பிறப்பு.

இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளமாக இருந்து, பின்னர்ப் பந்தயக் களமான சோழவரம் தமிழகத்து மோட்டார்ப் பந்தய வரலாற்றின் தொட்டில் எனலாம். 1953 இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் அங்குப் பந்தயங்களை வளர்த்தது. பின்னர் 1990 இல் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைக்கு இடம் பெயர்ந்தது. சாதாரண வண்டிகளைப் பட்டறையில் பிரித்து, எடை குறைத்து, எஞ்சினைக் கூர்மைப்படுத்திப் பந்தயத்துக்கு அனுப்பிய கைகள் அக்காலத்தில் நம்மிடையே இருந்தன. அக்கைகளுக்குரியோர் பெரும்பாலோர் கல்லூரி வாயிலை மிதித்தவர் அல்லர்.

மீட்டெடுக்கும் முறை யாது?

நெடுநாள் நின்ற வண்டியைக் கண்டதும் சாவியைத் திருகிக் கிளப்பிப் பார்க்கத் துடிப்பது மனித இயல்பு. கைதேர்ந்தவர் அதைச் செய்வதில்லை. சிலிண்டருக்குள் துரு படர்ந்திருக்கக்கூடும். பிஸ்டன் வளையங்கள் ஒட்டிப் பிடித்திருக்கக்கூடும். ஆதலால் முதலில் பிளக்குகளைக் கழற்றி, அவ்வழியே சிறிது எண்ணெய் விட்டு, ஊற விடுவர். பின்னர் எஞ்சினைக் கையால் மெல்லச் சுழற்றிப் பார்ப்பர். தொட்டியில் தங்கிய பழைய பெட்ரோல் பிசினாக மாறிக் கார்ப்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்திருக்கும். அதை முழுவதும் வடித்துக் கழுவாமல் எஞ்சினைக் கிளப்புதல் கூடாது. பிரேக்கின் ரப்பர் உறுப்புகள் பார்வைக்கு நலமாகத் தோன்றினும் உள்ளே வெடித்திருக்கும். டயரும் அவ்வாறே. மின்கம்பிகளை எலி கடித்திருப்பின் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. ஓட வைப்பதற்கு முன்னர் நிற்க வைக்கும் உறுப்புகளைச் சரிபார்ப்பதே பட்டறை அறம்.

துடைப்பதிலும் ஒரு முறை உண்டு. நீரைப் பீய்ச்சி அடித்தால் தூசியோடு பழைய வண்ணமும் உரிந்து போகும். இடுக்குகளில் நீர் தங்கித் துருவை வளர்க்கும். மென்மையான தூரிகையால் உலர்ந்த தூசியை முதலில் நீக்க வேண்டும். கால்மிதியையும் இருக்கையையும் எடுத்துவிட்டுத் தரைத்தகட்டைப் பார்க்க வேண்டும். நோய் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். கழற்றும் ஒவ்வொரு திருகுக்கும் பெயரெழுதிய சீட்டுக் கட்ட வேண்டும். கழற்றுமுன் படம் எடுத்தல் வேண்டும். ஹெரால்டு இப்பணிக்கு இசைவான வண்டி. அதன் முன்பகுதி முழுவதும் முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். எஞ்சினை எப்பக்கமும் தொட்டு வேலை செய்யலாம். மேற்கூட்டின் பகுதிகள் தனி அடிச்சட்டத்தின் மேல் திருகாணிகளால் பூட்டப்பட்டவை ஆதலின், அவற்றைப் பிரித்தலும் சேர்த்தலும் இயலும்.

ஆனால் அதன் மரபில் வந்த ‘கேசல்’ வண்டியின் உற்பத்தியும் 1977 இல் நின்றுவிட்டது. தொழிற்சாலையிலிருந்து புதிய உறுப்புகள் வருவதற்கு வழியில்லை. தேய்ந்த புஷ்ஷை லேத்துக்காரர் கடைந்து தர வேண்டும். அரித்த தகட்டை டிங்கர் வெட்டி, வளைத்து, தட்டி, அதே வளைவுக்குக் கொண்டுவர வேண்டும். கிழிந்த இருக்கைக்கு ரெக்சின் தைப்பவர் பழைய தையலைப் பிரித்துப் பார்த்தே புதிய தையலைப் போட வேண்டும். பழைய கார் ஒன்று உயிர்பெறும்போது இவ்வளவு கலைகளும் உடன் உயிர்பெறுகின்றன.

பதிப்பாசிரியரின் நேர்மை

இங்கேதான் நாம் சொல்லக் கருதிய செய்தி உள்ளது. மீட்டெடுத்தல் என்பது புதிதாக்குதல் அன்று.

சீறாப்புராணத்தை 1842 இல் அச்சேற்றிய காயல்பட்டினத்துப் புலவர் நாயகம் அவர்களையும், சீவக சிந்தாமணியை 1887 இல் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் அவர்களையும் நாம் ஏன் போற்றுகிறோம்? அவர்களும் கவிபாட வல்லவர்கள். எனினும் பதிப்புப் பணியில் தம் பாட்டை மூலத்தின்மேல் ஏற்றவில்லை, மூலத்தைத் தேடினர். ஐயர் அவர்கள் பல சுவடிகளை ஒப்புநோக்கினார், பாடவேறுபாடுகளைக் குறித்தார், சிதைந்த இடத்தைச் சிதைந்தது என்றே காட்டினார். அந்த நேர்மையினால்தான் அப்பதிப்புகளை நாம் நம்புகிறோம்.

மகிழுந்தைப் புதுப்பிப்போர்க்கும் இதுவே இலக்கணம். கட்டடச் சின்னங்களைக் காப்பதற்கு 1964 இல் வகுக்கப்பட்ட வெனிஸ் சாசனம், புதிதாகச் சேர்க்கும் பகுதி பழைய பகுதியிலிருந்து வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்று விதித்தது. பழைய வாகனங்களுக்கென உலகக் கூட்டமைப்பு வகுத்த டூரின் சாசனமும் அவ்வழிப்பட்டதே. உள்ளதை அப்படியே பேணுதல், மேலும் சிதையாமல் நிறுத்துதல், இழந்ததை மீட்டமைத்தல் ஆகியவை வேறுவேறு பணிகள் என அது பிரித்துரைக்கிறது. முதலிரண்டும் போதுமாயின் மூன்றாவதை நாடலாகாது என்பதே அதன் சாரம்.

உலகம் இதனை மெல்ல உணர்ந்து வருகிறது. 2015 பிப்ரவரியில் பாரிஸ் நகரில் ஏலம் விடப்பட்ட 1961 ஆம் ஆண்டு ஃபெராரி ஒன்று, கொட்டகையில் பழைய இதழ்க் கட்டுகளின் கீழ்த் தூசி படிந்து கிடந்தது. அத்தூசியோடேயே காட்சிக்கு வைக்கப்பட்டு 1 கோடியே 60 இலட்சம் யூரோவுக்கு மேல் விலைபோயிற்று. இத்தாலி, சுவிட்சர்லாந்து நாடுகளின் எல்லையிலுள்ள மாஜோரே ஏரியில் 70 ஆண்டுகளுக்கு மேல் மூழ்கிக் கிடந்த 1925 ஆம் ஆண்டு புகாட்டி ஒன்றை, 2009 இல் முக்குளிப்போர் வெளியே கொணர்ந்தனர். அவ்வூரில் வன்முறைக்குப் பலியான ஓர் இளைஞரின் நினைவாக அமைந்த அறக்கட்டளைக்கு நிதி திரட்டவே அப்பணியை மேற்கொண்டனர். அடுத்த ஆண்டு ஏலத்தில் அது 2,60,500 யூரோ ஈட்டித் தந்தது. வாங்கியவர் அதனைப் புதுப்பிக்கவில்லை. துருவோடேயே தம் அருங்காட்சியகத்தில் வைத்தார். அமெரிக்காவில் 1950 முதல் நடைபெறும் பெபிள் பீச் மகிழுந்துப் போட்டியின் முதற்பரிசு நெடுங்காலம் பளபளக்கப் புதுப்பித்தவற்றுக்கே கிடைத்துவந்தது. 2024 இல்தான் முதன்முறையாக, புதுப்பிக்காமல் பேணப்பட்ட ஒரு வண்டி அப்பரிசை வென்றது. பெல்ஜிய மன்னர் மூன்றாம் லியோபோல்டு கையிலிருந்த 1934 ஆம் ஆண்டு புகாட்டிப் பந்தயக் கார் அது. மன்னர் பூசச் செய்த கறுப்பு வண்ணம் இன்றும் அதன்மேல் உள்ளது.

நம் ஊரிலோ பழைய கார் கிடைத்தவுடன் மேல்வண்ணத்தைச் சுரண்டி எறிந்து, குண்டு குழிகளையெல்லாம் பட்டி பூசி மறைத்து, கண்ணைப் பறிக்கும் புது வண்ணம் அடித்து, ‘அன்று வந்ததைப் போலவே இருக்கிறது’ என்று கூறி விற்போரும் உளர். பட்டி மறைத்த துரு உள்ளே வளரும். இது பதிப்பு ஆகாது, இடைச்செருகல் ஆகும். வாங்குபவருக்கு உண்மையை உரைக்காமல் குறையை மறைத்தல் வாணிகத்தில் நம் மார்க்கம் வெறுத்த செயல் என்பதையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

செல்வர் விளையாட்டா?

இப்பணி செல்வரின் பொழுதுபோக்கு. புகை கக்கும் பழம்பொருளுக்குப் பணம் கொட்டுவது வீண்விரயம். நம் மார்க்கம் தடுத்த ‘இஸ்ராஃப்’ அன்றோ என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். நேரிய வினாவே. பெருமைக்காகக் காரைக் குவிப்பாரை நாம் புகழவில்லை. ஆனால் வீண்விரயம் என்பது என்ன? பழுது நீக்கினால் பயன்படுவதைத் தூக்கியெறிவதும் வீண்விரயமே. உழைத்துச் செய்த பொருள் நம் கையில் ஓர் அமானிதம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே தைத்துக்கொண்டார்கள். கிழிந்த ஆடைக்குத் தாமே ஒட்டுப்போட்டார்கள். இரும்பை வளைத்துப் போர்க்கவசம் செய்தவர் நபி தாவூத் (அலை) அவர்கள். கருவி பிடித்த கையை இழிவென நினைக்க நமக்கு எவ்வகையிலும் உரிமை இல்லை.

புகையைப் பற்றிய கவலைக்குச் சட்டமும் ஓரளவு வழி வகுத்துள்ளது. 50 ஆண்டைக் கடந்த, பெருமாற்றம் செய்யப்படாத பழமை வாகனங்களுக்கு ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகள் கொண்ட தனிப்பதிவு வழங்க 2021 இல் நடுவண் அரசு விதி செய்தது. அன்றாடப் பயணத்துக்கோ வாணிகத்துக்கோ அவற்றைச் சாலையில் ஓட்டலாகாது. கண்காட்சி, அணிவகுப்பு முதலியவற்றுக்கே ஓட்டலாம். காட்டவும் கற்கவும் பழையது இருக்கட்டும், நாள்தோறும் ஓட வேண்டா என்னும் இந்நடுநிலை ஏற்கத்தக்கதே. கோவையில் ஜி.டி. நாயுடு பெயரால் அமைந்த அறக்கட்டளை 2015 இல் திறந்த மகிழுந்து அருங்காட்சியகம், இத்தகைய பொருள்கள் பொதுமக்களுக்குக் கல்வியாக முடியும் என்பதற்குச் சான்று.

நாம் செய்ய வேண்டுவது

ஊத்தங்கரை வட்டத்துக் கல்லாவி போன்ற சிற்றூர்களிலிருந்து ஓசூர் வரை விரிந்துள்ள நம் பகுதி, எந்திரத்தால் பிழைக்கும் பகுதி. அசோக் லேலண்டின் கனரக வண்டிகளும் டி.வி.எஸ். இருசக்கர வண்டிகளும் ஓசூரில் உருவாகின்றன. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின் ஸ்கூட்டர்த் தொழிற்சாலைகள் எழுந்துவிட்டன. மின்வண்டியில் கார்ப்புரேட்டர் இல்லை, பிளக் இல்லை, கிளட்சும் இல்லை. அந்த மாற்றம் நாட்டுக்கு நல்லதே. ஆயினும் சாலையோரப் பட்டறைகளில் ஓசை கேட்டே நோயறியும் முதியோரின் அறிவு, எழுதப்படாமலே மறையும் நிலையில் உள்ளது.

அப்பட்டறைகளில் கணிசமானவை நம் சமுதாயத்தாருடையவை. ‘பாய் பட்டறை’ என்று ஊரே நம்பிக்கையோடு சொல்லும் பெயர் ஒரு தலைமுறையின் நேர்மையால் ஈட்டிய பெயர். அங்கே பத்து வயதில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கச் சேர்ந்து, பள்ளியை இழந்து, கலையை மட்டும் பெற்றோர் பலர். அவர்தம் பிள்ளைகள் இன்று நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கின்றனர். தந்தையின் தொழிலைச் சொல்லக் கூசும் மாணவனைக் காணும்போதெல்லாம் நாம் கற்பிக்கும் கல்வியில் ஏதோ குறை இருப்பதாகவே தோன்றுகிறது. பிள்ளை பள்ளியை விட்டுப் பட்டறைக்குப் போக வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அது கூடவே கூடாது. கல்லூரி பட்டறையை மதித்துத் தேடிச் செல்ல வேண்டும் என்கிறோம்.

தமிழ்த்துறைக்கு இதில் தனிக்கடமை உண்டு. ‘மிஸ் அடிக்கிறது’, ‘இழுவை இல்லை’, ‘தட்டுகிறது’ என்று பட்டறையார் வழங்கும் சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு நோயின் பெயர். தமிழும் உருதும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்கும் இவ்வெல்லைப் பகுதியில் அச்சொற்களின் வளம் பெரிது. நம் மாணவர்கள் விடுமுறையில் முதிய தொழிலாளர் ஐவரைக் கண்டு, அவர்கள் சொல்லும் சொல்லையும் செய்யும் முறையையும் எழுதிவந்தால், சில ஆண்டுகளில் பட்டறைச் சொல்லகராதி ஒன்று உருவாகும். சமுதாயப் பெரியோர் பழைய வண்டி ஒன்றை நன்கொடையாக அளித்தால், அதனைப் பிரித்துச் சேர்க்கும் முறையை முதிய கைவினைஞர் ஒருவர் மாணவர்க்கு முன்னின்று கற்பிக்கலாம். அவரை ஆசிரியர் என்றே அழைத்து, ஆசிரியர்க்குரிய இருக்கையும் மதிப்பூதியமும் நல்குதல் வேண்டும்.

ஓலைச்சுவடிகள் வெள்ளத்திலும் தீயிலும் போன பின்னர் நாம் வருந்திய வருத்தம் போதும். துருப்பிடித்த வண்டியை இன்னும் சில ஆண்டு கழித்தும் துடைத்துவிடலாம். அதைத் துடைக்கத் தெரிந்த கை மறைந்துவிட்டால் மீட்க இயலாது. அக்கைகள் நம்மிடையே இருக்கும்போதே அவற்றிடம் பாடம் கேட்போமாக.