தேன் வேண்டுமானால் கடைக்குப் போங்கள்

ஒரு பெட்டி வாங்கி மொட்டை மாடியில் வையுங்கள், மூன்றே மாதத்தில் வீட்டுத் தேன், பேரப்பிள்ளைகளுக்குப் பொழுதுபோக்கு, உங்களுக்குக் கைச்செலவுக்குக் காசு. புதுச்சேரியில் இப்போது இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. ஒரு நாள் வகுப்பு, மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் கையில் ஒரு பெட்டி. இதற்குப் பெயர் பெட்டி வியாபாரம். தேனீ வளர்ப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்படி எழுதினால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

தேனை மனத்தில் வைத்துத் தொடங்குகிறவர் கேட்கும் முதல் கேள்வி, வருஷத்துக்கு எத்தனை கிலோ என்பதுதான். அந்தக் கேள்விக்காகவே காத்திருக்கிற வியாபாரி இத்தாலியத் தேனீயை எடுத்து நீட்டுகிறார். அது நிறையத் தேன் சேர்க்கும் என்பது உண்மை. ஆனால் அதை வைத்துப் பிழைப்பவர்கள் பூக்கும் இடம் தேடிப் பெட்டிகளை லாரியில் ஏற்றி ஊர் ஊராகப் போகிறவர்கள். ரப்பர் தளிர்க்கும்போது கன்னியாகுமரிப் பக்கம், சூரியகாந்தி பூத்தால் வேறு பக்கம். நான்கு தென்னை, ஒரு முருங்கை, வேலியோரம் கொஞ்சம் துளசி உள்ள வீட்டில் அந்தப் பெரிய கூட்டம் எதைத் தின்னும்? சர்க்கரைப் பாகுதான் ஊற்ற வேண்டும். அந்தப் பாகையே அடையில் கொண்டுபோய் வைக்கும். நீங்கள் அதைப் பிழிந்து பாட்டிலில் ஊற்றி, எங்கள் வீட்டுத் தேன் என்று சம்பந்திக்குக் கொடுத்தனுப்புவீர்கள்.

எங்கள் தெருவில் ஒருவர் சித்திரை மாதத்தில் இரண்டு பெட்டி வாங்கி மாடியில் வைத்தார். நம் ஊர் வெயிலில் தகரக் கூரைக்கடியில் மெழுகு அடை இளகித் தொங்கிப்போயிற்று. ஐப்பசி மழைக்கு முன் இரண்டும் காலி. மெழுகுப் புழு மட்டும் மிச்சம். விற்றவரைக் கேட்டதற்கு, கவனிப்புப் போதவில்லை என்றாராம். விற்கும்போது கவனிப்பே வேண்டாம் என்று சொன்னவர் அவர்தான்.

சரி, நம் இந்தியத் தேனீ, அதுதான் அடுக்குத் தேனீ, அதை ஏன் தருவதில்லை? அது நோஞ்சான், பெட்டியை விட்டு ஓடிவிடும் என்கிறார்கள். 1991-92இல் தாய் சாக் புரூட் என்ற வைரஸ் நோய் தென்னாட்டில் இந்தக் கூட்டங்களை அழித்தது, மார்த்தாண்டம் பக்கம் பல குடும்பங்கள் பிழைப்பை இழந்தன, மறுக்கவில்லை. ஆனால் தப்பிய கூட்டங்களிலிருந்து அது மெல்ல மீண்டு வந்துவிட்டது. ஓடிப்போகிறது என்றால், எறும்பு ஏறினால் ஓடும், வெயில் தாங்காமல் ஓடும், தேனை முழுக்க வழித்து எடுத்தால் ஓடும். ஓடாமல் என்ன செய்யும்! இந்தத் தேனீயின் அளவுக்கென்றே திருச்சிராப்பள்ளி சேசு சபைப் பாதிரியார் நியூட்டன் 1910களில் ஒரு சிறு பெட்டியை வடிவமைத்தார். அது நூறு வருஷமாகப் புழக்கத்தில் இருக்கிறது. தரையில் நிழலில் வைத்து, தாங்குகாலைச் சுற்றித் தண்ணீர்க் கிண்ணம் வைத்து, வாரம் ஒருமுறை திறந்து பார்த்து, அடைமழைக் காலத்தில் மட்டும் கொஞ்சம் பாகு கொடுத்தால் போதும். முதல் வருஷம் தேனில் கை வைக்காதீர்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று செய்யலாம். பழைய சுண்ணாம்புச் சுவர் உள்ள வீட்டுக்காரர்கள் விரிசலில் மெழுகுக் குழாய்போல் ஒன்று நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கொசுத் தேனீயின் வாசல் அது. கொடுக்கு கிடையாது. மின்சார மீட்டர் பெட்டியிலும் குடியிருக்கும். கொத்தனாரைக் கூப்பிட்டு சிமெண்ட் பூசி அடைக்கிறோமே, அங்கேதான் குழந்தைகளுக்குப் பாடம் தொடங்க வேண்டும். எத்தனை வருகிறது, காலில் என்ன நிறத்து மகரந்தம், காவலுக்கு எத்தனை. ஒரு பைசா செலவில்லை. வருஷம் முழுக்க அது சேர்ப்பது சில நூறு கிராம், அதை அதுவே சாப்பிடட்டும்.

தேன் இல்லாவிட்டால் பிள்ளைகளுக்குச் சலித்துவிடாதா என்று கேட்கிறார்கள். பள்ளியில் எங்கள் பிரெஞ்சு வாசகப் புத்தகத்தில் பிரான்சுவா ஹூபேர் என்ற ஜெனீவாக்காரரைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. கண் பார்வை இழந்தவர். புத்தகம்போல் ஏடு ஏடாகத் திறக்கும் தேனீப் பெட்டி ஒன்றைச் செய்தார். வேலைக்காரர் பூர்னான் பார்த்துச் சொல்லச் சொல்ல இவர் கேள்வி கேட்பார். மனைவியும் கூடவே உழைத்தார். ராணித் தேனீ கூட்டுக்கு வெளியே, வானத்தில் பறக்கும்போதுதான் ஆண் தேனீயோடு சேர்கிறது என்று கண்டுபிடித்தார்கள். நூல் வெளிவந்தது 1792இல். குடும்பப் பொழுதுபோக்கு என்றால் எனக்கு அந்த வீடுதான் நினைவுக்கு வருகிறது. எத்தனை கிலோ எடுத்தார்கள் என்று அந்தப் பாடத்தில் ஒரு வரிகூட இல்லை.

வீட்டுத் தேன் என்றதும் பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்க ஓடும் பாட்டிமார்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. எவ்வளவு சுத்தமான தேனிலும் ஒரு கிருமியின் வித்து இருக்கக்கூடும், பச்சைக் குழந்தையின் குடல் அதைத் தாங்காது. வகுப்பில் இதை யாரும் சொல்லவில்லையாம்.

பெட்டி வைக்குமுன் பக்கத்து வீட்டில் போய்க் கேளுங்கள். தேனீ கொட்டினால் மூச்சு முட்டும் உடம்பு யாருக்காவது இருந்தால், கொசுத் தேனீயோடு நின்றுவிடுங்கள். பிரான்சில் ஒரே ஒரு கூடு வைத்திருப்பவரும் வருஷாவருஷம் செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31க்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். எத்தனை கூடு, எங்கே இருக்கிறது என்று. கோப்புகளோடு காலம் தள்ளிய எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. எங்கள் தெருக்காரருக்குப் பெட்டி விற்றவர் ரசீதில் முகவரிகூட எழுதி வாங்கவில்லை, தொகை மட்டும் இருந்தது.