கலியாணப் பந்தல் மட்டும் மிச்சம்



வலிகாமம் வடக்கில், 1990இல் இடம்பெயர்ந்து பல வருடங்களின் பின் மீளக்குடியேறிய ஒரு கிராமம். அங்குள்ள முன்பள்ளியின் வெளிச்சுவரில் மாவிட்டபுரக் கதையைக் கீறுவோம் என்று மாதர் சங்கப் பெண்கள் தீர்மானித்தார்கள். நானும் கூட நின்றேன்.

கதை உங்களுக்குத் தெரியும்தானே. குதிரை முகத்தோடும் குன்ம நோயோடும் வந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி, கீரிமலையில் நீராடிச் சுகம் பெறுகிறாள். 'மா' என்றால் குதிரை. குதிரை முகம் விட்டுப்போன இடம் மாவிட்டபுரம். அங்கே முருகனுக்குக் கோயில் எழுப்புகிறாள். பிறகு சிங்க முகம் கொண்ட உக்கிரசிங்கனை மணக்கிறாள். மாப்பிள்ளை மட்டும் சிங்க முகத்தோடு வரலாமோ என்று ஒரு தங்கச்சி கேட்க, எல்லோரும் சிரித்துவிட்டோம்.

குதிரை முகத்தையும் கேணியையும் கீறியவர், யுத்தத்தில் கணவரை இழந்த ஓர் அக்கா. கோலம் போட்டுப் பழகிய கை, கோடு நடுங்கவில்லை. கலியாணக் காட்சி வந்ததும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார்.

"உது வேண்டாம் பிள்ளை. மணவறையை ஆரும் சுமங்கலி கீறட்டும்."

ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அதுதான் எனக்கு அதிகம் சுட்டது. சமூகவியலில் இதற்கு 'சமூக விலக்கு' என்று படித்தேன். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அக்காவுக்கு என்ன சொல்வது?

அன்றிரவு கங்காதேவியை நினைத்தேன். பீகாரின் மிதிலைப் பகுதியைச் சேர்ந்தவர். சீதையின் கலியாணத்துக்காக ஜனகர் வீட்டுச் சுவர்களில் ஓவியம் எழுதச் சொன்னார் என்று அந்த ஊர்ப் பெண்கள் சொல்வார்கள். மணமக்களின் அறைச் சுவரில் தாமரையும் மூங்கிலும் கிளியும் மீனும் எழுதுவது அவர்களின் வழக்கம். கங்காதேவியின் கணவர் இன்னொருத்தியை மணந்துகொண்டார். அவர் தூரிகையை விடவில்லை. 1984இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1980களின் இறுதியில், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றபடியே, டெல்லி கைவினை அருங்காட்சியகச் சுவரில் மணவறை ஓவியமொன்றை எழுதினார். 1991இல் காலமானார். அந்தச் சுவரோவியமும் பின்னர் திருத்த வேலையில் அழிந்துபோயிற்று.

அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னேன். அக்கா நெடுநேரம் பேசவில்லை.

"அந்த மனிசி மணவறை கீற, ஆரும் ஒண்டும் சொல்லேல்லையோ?"

அருங்காட்சியகத்தில் அவரைத்தான் கேட்டு எழுதுவித்தார்கள் என்றேன்.

நேற்றுப் போய்ப் பார்த்தேன். பந்தல் இன்னும் வெறுமையாகத்தான் கிடக்கிறது. வாசலில் மட்டும் இரண்டு வாழைமரம், குலையோடு. அக்காவின் கோடு அது. எனக்குத் தெரியும்.