கட்டுவது குழாயை மட்டும்தான்

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டால் மாதவிலக்கு நின்றுவிடும், உடம்பு ஊதிவிடும் என்று இன்றும் சொல்கிறார்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இதைச் செய்துகொண்டவர்கள். ஆனாலும் உள்ளே என்ன நடந்தது என்று அவர்களில் பலருக்கு யாரும் சொல்லவில்லை.

கருப்பையின் இரு பக்கமும் கருக்குழாய்கள் இருக்கின்றன. முட்டையும் விந்தணுவும் சேர்வது அங்கேதான். அந்தக் குழாயை வெட்டிக் கட்டுவார்கள், அல்லது வளையமோ கிளிப்போ போட்டு அடைப்பார்கள். கருப்பையைத் தொடுவதில்லை, ஹார்மோன் சுரக்கும் சூலகத்தையும் தொடுவதில்லை. ஆகவே மாதவிலக்கு எப்போதும்போல வரும். அதுவரை கருத்தடை மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு, அதை நிறுத்தியதும் பழைய அதிக உதிரப்போக்கு திரும்பலாம். பழி ஆபரேஷன் மேல் விழுகிறது.

பிரசவமாகி ஏழு நாளுக்குள் தொப்புளுக்குக் கீழே சிறிய கீறல் போட்டுச் செய்யலாம். சிசேரியன் என்றால் அப்போதே முடித்துவிடலாம். சிறு துளை வழியாகக் கருவியை விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி உடனே கிடையாது, கருப்பை சுருங்கிய பிறகுதான். பிரசவத்தோடு முடிப்பது வசதி என்பதற்காக, இடுப்புவலியில் துடிக்கும் பெண்ணிடம் படிவத்தை நீட்டுவதை ஏற்கவே முடியாது. மாதாந்திரப் பரிசோதனைக்கு வரும்போதே பேசி முடிக்க வேண்டிய விஷயம் இது. அரசு விதிமுறைப்படி அவள் கையெழுத்துப் போதும்; கணவர் சம்மதம் கட்டாயமில்லை.

குழாயைத் திரும்ப இணைக்கவும் ஆபரேஷன் உண்டு, ஆனால் குழந்தை தங்கும் என்று உறுதி சொல்ல முடியாது. மனதில் துளி தயக்கம் இருந்தாலும் காப்பர் டி போட்டுக்கொள்ளுங்கள்; 380ஏ வகை பத்து வருடம் தாங்கும்.

கணவருக்கான வாசக்டமி ஆபரேஷன் பெண்களுக்கானதைவிட எளிது. மரத்துப்போக ஊசி போட்டு, வயிற்றைத் திறக்காமலே முடிப்பார்கள், ஆண்மை குறையாது. மூன்று மாதம் வேறு பாதுகாப்போடு இருந்து, விந்துப் பரிசோதனை செய்தால் போதும். அப்படியிருந்தும் அதே 2019–21 கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் இதை நம்பியிருந்த தம்பதிகள் 0.3% மட்டுமே. இந்தச் சுமையை மனைவி மட்டும் சுமப்பது நியாயமில்லை.

பெண்களுக்கான ஆபரேஷன் முதல் வருடத்தில் ஆயிரத்தில் ஐந்து பேருக்குத் தவறலாம். அப்படித் தங்கும் கரு குழாயிலேயே வளரும் ஆபத்து அதிகம். அதனால் எத்தனை வருடம் ஆகியிருந்தாலும், நாள் தள்ளிப்போய் அடிவயிறு வலித்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்; ஆபரேஷன் செய்துகொண்டதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.