சூட்டு வலியா... குடலைச் சுற்றிய கூடா?

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் வயிறு வலித்தால் முதல் தீர்ப்பு, 'சூடு'. கரிசல் வெயிலைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றும். தொப்புளில் விளக்கெண்ணெய், வெந்தயம், மோர் என்று வைத்தியம் தொடங்கும். அடங்காவிட்டால், 'குடல் ஏறியிருக்கு' என்று கூட்டிப்போய் நீவி விடுவார்கள். பாதி வலி தானாகவே போகக்கூடியது, பெயர் விளக்கெண்ணெய்க்கு!

சிக்கல், போய்ப் போய்த் திரும்பி வரும் வலியில்தான். சாப்பிட்டதும் சுருட்டிப் பிடிக்கும், வயிறு உப்பும், வாந்தி வரும். இரண்டு நாள் பட்டினி கிடந்தால் சரியாகும். பிறகு மறுபடி வரும். வயசுப் பெண் என்றால் 'மாதவிடாய் வலி' என்று ஒதுக்கிவிடுவார்கள். சாப்பிடப் பயந்தே பிள்ளை இளைத்துப்போகும்.

இதற்குப் பின்னால் அரிதாக ஒரு நோய் இருக்கலாம். சுமார் 20 அடி நீளச் சிறுகுடலை, தடித்த சவ்வு ஒன்று பை போலச் சுற்றி இறுக்கிவிடும். 1978-ல் சிங்கப்பூர் டாக்டர்கள் இதை இளம்பெண்களிடம் கண்டு, 'அப்டாமினல் கக்கூன்' என்றார்கள். அதாவது, வயிற்றுக்குள் ஒரு பட்டுப்புழுக்கூடு. சிலருக்குக் காரணமே தெரியாது. நம் நாட்டில் முக்கியமான காரணம் வயிற்றுக் காசநோய். இருமலே இல்லாமல் டிபி வரும் என்றால் பலர் நம்புவதில்லை.

சாதாரண எக்ஸ்ரே, குடல் அடைத்திருக்கிறது என்பதை மட்டும் காட்டும். சி.டி. ஸ்கேனில்தான் குடல் மடிப்புகள் ஒரே பைக்குள் குவிந்திருப்பது தெரியும். சிலருக்கு வயிற்றைத் திறந்த பிறகே புரிகிறது.

ஆபரேஷன் என்றால் குடலை வெட்டி எடுப்பது என்று வீட்டார் கலங்குவார்கள். இங்கே அப்படியல்ல. சவ்வைக் கீறி, ஒட்டியிருக்கும் குடலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தெடுப்பார்கள். பொறுமையான வேலை, குடலில் ஓட்டை விழுந்தால் புது ஆபத்து. அழுகிய பகுதியை மட்டுமே வெட்டுவார்கள். உரித்த சவ்வு பரிசோதனைக்குப் போகும். டிபி என்றால் குறைந்தது 6 மாத மாத்திரை, அரசு மருத்துவமனையில் இலவசம்.

வாந்தி பச்சையாக வந்தாலோ, வயிறு உப்பி மலமும் காற்றும் நின்றுபோனாலோ, நீவுவதோ பேதி மருந்தோ கூடாது. சாப்பாடும் கொடுக்காமல் உடனே விருதுநகரோ மதுரையோ, சர்ஜன் இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

ஆபரேஷன் முடிந்ததும் வார்டில் தினமும் டாக்டர் கேட்பது, 'காற்று பிரிஞ்சுதா?' என்பதுதான். பிள்ளைகள் வெட்கப்படுவார்கள். 'பிரிஞ்சுது' என்றால்தான் கஞ்சிக்கு அனுமதி.