தொண்ணூறு வருட நஷ்டக் கணக்கு

கயோட்டி என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது ரோட் ரன்னர் கார்ட்டூன்தான். ஆக்மி கம்பெனியிடம் ராக்கெட், வெடி என்று எதையாவது வாங்கி, அந்தப் பறவையைப் பிடிக்கப் போய், ஒவ்வொரு தடவையும் தானே பள்ளத்தில் விழுமே, அதே நோஞ்சான் ஜந்து. இதில் காமெடி என்னவென்றால், நிஜத்தில் கதை அப்படியே தலைகீழ். விதவிதமான கருவிகளை வாங்கிக் குவித்துத் தோற்றுக்கொண்டிருப்பது அமெரிக்க அரசாங்கம். தப்பித்து ஓடுவது கயோட்டி!

பெரிய மிருகமெல்லாம் இல்லை. நரிக்கும் ஓநாய்க்கும் இடைப்பட்ட சைஸ். எலி, முயல், பழம், செத்த மாடு, எது கிடைத்தாலும் தின்னும். கிடைத்தால் செம்மறிக் குட்டியும். அந்தக் குட்டிக்காகத்தான் 1931-ல் தனிச் சட்டம் போட்டு, ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வீதம் பத்து வருடத்துக்கு ஒதுக்கினார்கள். பத்து வருடத்தில் முடிந்ததா? வேளாண்துறையின் வைல்ட்லைஃப் சர்வீசஸ் என்ற பிரிவு 2018-ல் மட்டும் கொன்றது 68,000க்கும் மேல். ஹெலிகாப்டரில் பறந்து சுடுவது, இரும்புப் பொறி, கண்ணி, எல்லாம் உண்டு. பில் கட்டுவது வரி கட்டுகிறவன்.

சரி, வரவு என்ன? 1942-ல் அமெரிக்காவில் 5.6 கோடி ஆடுகள் இருந்தன. இன்றைக்குச் சுமார் 50 லட்சம். காப்பாற்றிய லட்சணம் இதுதான்! ஆடுகள் ஏன் குறைந்தன என்று ஆராய்ந்த 2006-ம் வருட ஆய்வு ஒன்று, தீவன விலை, கூலி, குட்டியின் சந்தை விலை இவைதான் பெரும்பாலும் காரணம் என்றது. ஆட்டுத் தொழிலைத் தின்றது சந்தை. சுடப்பட்டது கயோட்டி.

அப்படிச் சுட்டாவது குறைந்ததா என்றால் அதுவும் இல்லை. கயோட்டிக் கூட்டத்தில் வழக்கமாகக் குட்டி போடுவது ஒரே ஜோடி. அந்த ஜோடியைச் சுட்டால் மற்றப் பெண்களும் குட்டி போட ஆரம்பிக்கும். வாய்கள் குறைவதால் இரை தாராளம், குட்டிகளும் அதிகம் பிழைக்கும். ஆண்டுதோறும் 75 சதவீதத்தைக் கொன்றாலும் முழுசாய் அழிக்க ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகும் என்று 1975-லேயே கலிபோர்னியாவில் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். யார் கேட்டார்கள்?

இன்னொரு கூத்து. கயோட்டியை அடக்கி வைத்திருந்தது ஓநாய். அதையும் இதே ஆட்கள்தான் ஒழித்தார்கள். ஒரு காலத்தில் மேற்கத்திய புல்வெளியிலும் பாலையிலும் இருந்த கயோட்டி இன்று ஹவாய் தவிர 49 மாநிலங்களிலும் இருக்கிறது. 2007-ல் சிகாகோ நகர நடுவில் ஒரு சாண்ட்விச் கடைக்குள் நுழைந்து குளிர்பானப் பெட்டியில் ஏறிப் படுத்துக்கொண்டது ஒன்று. யெல்லோஸ்டோனில் 1995-ல் ஓநாய்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டபோதுதான் அங்கே கயோட்டிகள் குறைந்தன. தோட்டா செய்யாததை ஓநாய் செய்தது.

"மனிதர்களைக் கடிக்காதா?" கடித்திருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் சேர்த்துப் பதிவான சாவுகள் இரண்டு: 1981-ல் கலிபோர்னியாவில் ஒரு குழந்தை, 2009-ல் கனடாவில் ஓர் இளம்பெண். இரண்டும் கொடுமைதான். ஆனால் வீட்டு நாய்களால் அமெரிக்காவில் ஒவ்வொரு வருடமும் இதைவிடப் பல மடங்கு பேர் சாகிறார்கள். நாயை ஹெலிகாப்டரில் போய் யாரும் சுடுவதில்லை. கயோட்டி நெருங்கி வருவதும் பல இடங்களில் மனிதர்கள் சோறு வைத்துப் பழக்கியதால்தான்.

கயோட்டிக்கு வைத்தது மனிதன் மேலேயே பாய்ந்ததும் உண்டு. 2017-ல் ஐடஹோவில், வீட்டுக்குப் பின்னால் தரையில் நட்டிருந்த குழாய் போன்ற ஒன்றை ஒரு பதினாலு வயசுப் பையன் தொட்டான். சீறியது சயனைடு. கூட இருந்த அவன் நாய் கண்ணெதிரே செத்தது. பையன் பிழைத்தது அதிர்ஷ்டம். வழக்குப் போட்ட பிறகு 2020-ல் அரசாங்கம் அலட்சியத்தை ஒப்புக்கொண்டு கொடுத்த தொகை 38,500 டாலர்.

ஆட்டுக்காரனின் வயிற்றெரிச்சல் பொய்யில்லை. பத்துக் குட்டி போனால் அந்த வருட லாபமே போச்சு. அவனுக்குக் காவல் நாய் வாங்கவும், மின்வேலி போடவும், குட்டி போடும் காலத்தில் ஆடுகளைக் கொட்டகைக்குள் அடைக்கவும் அந்தப் பணத்தைக் கொடுக்கலாமே? அதில் த்ரில் இல்லை போலும். கனமான கயோட்டியைச் சுடுகிறவனுக்குப் பரிசு என்று போட்டியே நடத்துகிறார்கள். கலிபோர்னியா 2014-லும் நியூ மெக்சிகோ 2019-லும் தடை போட்டன. பல மாநிலங்களில் இன்னும் நடக்கிறது. கேட்டால், ஆடுகளைக் காப்பாற்றத்தானாம்.